முதலில் இறங்கியது உப்பு வாளி

மகள் பனிச்சறுக்கு ஸ்கீப் போட்டிக்குப் போனது எங்கள் யோசனை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போனார்கள். போய் வந்தவள் சாப்பிடும்போதும் அதையே கதைத்தாள். "ரெண்டு நாளிலை மறந்துபோவாள்" என்றாள் என் மனுசி. மறக்கவில்லை. அதற்குப் பிறகு பனிக்காலம் வந்தால், சனிக்கிழமை விடிய நாங்கள் இருக்கிற லாசாலில் இருந்து வடக்கே கார் ஓடுவது என் வேலையாகிவிட்டது.

மற்ற வேலை பேக்கரியில். பாண், ரொட்டி போடுகிற பெரிய பேக்கரி. மெஷின்தான் எல்லாம் செய்யும். நான் மாக் குழைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பேன். பள்ளிக்கூடம் பெரிதாகப் போனதில்லை. கதைப்பதும் குறைவு. "அந்த வாளிக் கதையை எழுதுங்கோ அப்பா. வாயாலை கேட்டா ரெண்டு வசனத்திலை முடிச்சுப்போடுவியள்" என்று மகள் சொன்னாள். எழுதினாலும் நீளாது என்றுதான் நினைக்கிறேன். பார்ப்போம்.

ஸ்கீப் போட்டியில் பல வகை. கொடிக்குக் கொடி வளைந்து வளைந்து வருவது ஒன்று. மகளுக்கு அது சரிவரவில்லை. அவளுக்குப் பிடித்தது டவுன்ஹில். உச்சியில் தொடங்கி, குனிந்து, கைகளை முகத்துக்கு முன்னால் ஒடுக்கிக்கொண்டு ஒரே இறக்கமாக இறங்குவது. யார் கெதியாகக் கீழே வருகிறாரோ அவருக்கு முதலிடம். எனக்கு முழுதாக விளங்கிய ஸ்கீப் போட்டி அது ஒன்றுதான்.

அவளுடைய கழகத்தில் ஒரு சட்டம். பிள்ளை ஓடினால் தாயோ தகப்பனோ வேலை செய்ய வேண்டும். சிலர் சூப் காய்ச்சுவார்கள். சிலர் நேரம் பார்ப்பார்கள். என் பிரெஞ்சு பேக்கரிப் பிரெஞ்சு. மா, தண்ணி, சூடு, கெதி, நிப்பாட்டு. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்து, கையில் ஒரு ஷவலைத் தந்து பாதை வேலைக்கு விட்டார்கள். போட்டிப் பாதையைத் திருத்துவது அந்த வேலை. பள்ளத்தை நிரப்பி, மேட்டை வெட்டி, ஓரத்தில் வலை கட்டி, விழுகிற பிள்ளை மரத்தில் மோதாமல் பார்க்க வேண்டும். சப்பாத்தின் அடியில் இரும்புப் பல் வைத்த சட்டத்தை மாட்டிக்கொண்டு நடப்போம். எனக்குப் பிடித்துப்போனது. அங்கே ஒருவரும் என்னைக் கதை கதை என்று கரைச்சல் தருவதில்லை.

பாதைக்குப் பொறுப்பானவர் ஒரு கியூபெக்காரர். என்னைவிட மூத்தவர். தாடியில் எந்நேரமும் ஐஸ் தொங்கும். அவரும் கதை குறைவு. ஆனால் அந்த மலையின் பழைய டவுன்ஹில் பாதையைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும். சூப் ஆறிப்போகும், அவர் நிற்பாட்ட மாட்டார்.

ஆட்களைக் கம்பியில் மேலே தூக்கிப் போகிற லிஃப்ட் வருவதற்கு முன்னமே அந்தப் பாதையை வெட்டிவிட்டார்களாம். கோடரியால். போட்டியன்று காலையில் ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்குவார்கள். மத்தியானம் உச்சிக்குப் போய், கொண்டுபோன பாணைத் தின்றுவிட்டு, சில நிமிடத்தில் கீழே வந்து சேர்வார்கள். ஏறுவது அரைநாள், இறங்குவது ஒரு இருமல் நேரம் என்பார். மரங்களில் வைக்கோல் கட்டைச் சாத்தி வைப்பதுதான் பாதுகாப்பு. பாதி வழியில் ஒருவருக்கு ஸ்கீ ஒன்று உடைந்துவிட்டதாம். உடைந்ததைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றக் காலால் இறங்கி முடித்தாராம். அவருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தார்களாம்.

பெண்களைக் கன காலம் உச்சியில் இருந்து விடவில்லை. அவர்களுக்கு நடுமலை. ஒருமுறை, போட்டி முடிந்து எல்லோரும் சாமான் கட்டுகிற நேரம் பார்த்து ஒரு பெண் மேலே ஏறி, ஒருவரையும் கேட்காமல் இறங்கிவிட்டாள். நேரம் பார்ப்பவர் மட்டும் இன்னும் கீழே நின்றார். பழக்கதோஷத்தில் நேரத்தை எழுதிவிட்டார். எழுதியதை அழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பிறகு பெண்களுக்கும் மேல் வாசல் திறந்தது.

மேல் வாசல் என்பது நான் வைத்த பெயர். உச்சியில் ஒரு சின்ன மரக்கொட்டில் இருக்கிறது. அதற்குள் நின்றுதான் தொடங்குவார்கள். அங்கே தொடங்கிக் கீழே முழுதாக வந்து சேர்ந்தவர்களின் பெயர்களை கஃபேட்டீரியாச் சுவரில் ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்கீ உடைந்தவரும் இருக்கிறார், கேட்காமல் இறங்கியவளும் இருக்கிறாள். முதலாவதாக வந்தவர் கடைசியாக வந்தவர் என்று பிரிக்கவில்லை.

பிறகு சட்டங்கள் இறுகின. மரம் கிட்ட நிற்கிறது, வலை காணாது என்றார்கள். பனியும் முந்திய மாதிரிக் கொட்டவில்லை. பல வருடம் மேல் வாசலைப் பூட்டி வைத்து நடுமலையில் இருந்து போட்டி வைத்தார்கள். போன பனிக்காலம்தான் பாதையை அகட்டி, புது வலை கட்டி, ஒருமுறை மேலிருந்து விட்டுப் பார்ப்போம் என்று தீர்மானித்தார்கள்.

மகள் டவுன்டவுனில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். அடுத்த வருடம் வார இறுதிகளில் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். ஆகவே அது அவளுடைய கடைசிப் போட்டி. மேல் வாசலில் இருந்து ஒருமுறை இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. முதலிடம் கேட்கவில்லை. அது தனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும்.

மேல் வாசலைத் தாண்டியதும் வருவது சுவர், செங்குத்தான இறக்கம். பிரெஞ்சிலும் அதைச் சுவர் என்றுதான் சொல்கிறார்கள். பனியை அமத்தும் மெஷின், மேலே மரத்தில் கேபிள் கட்டி இழுத்தால்தான் அதில் ஏறும். அதன் உச்சியில் நின்று பார்த்தால் என் சப்பாத்து நுனி தெரியும். அதற்கு அடுத்ததாகத் தெரிவது கார் பார்க். நடுவில் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும்.

போட்டிக்கு இரண்டு நாள் முந்தி நல்ல குளிர். பிள்ளைகள் மேலிருந்து பழகி இறங்கினார்கள். சனிக்கிழமை காற்றுத் திரும்பியது. கூரையெல்லாம் சொட்டியது. ஞாயிற்றுக்கிழமை விடிய, போட்டியன்று, சுவரில் கால் வைத்தேன். முழங்கால்வரை புதைந்தது. பனி குழைந்த சோறாகக் கிடந்தது. மெஷினை விட்டால் இருப்பதையும் கிழித்துவிடும்.

பொறுப்பானவர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். நடுவர்கள் மேலே வந்து பார்ப்பார்கள். சுவர் இறுகியிருந்தால் மேல் வாசலில் இருந்து போட்டி. இல்லையென்றால் சுவருக்குக் கீழே இருந்து. அதை இறுக்க ஒரே வழி உப்பு. மூட்டைகள் மேலே இருக்கின்றன. ஆட்கள்தான் இல்லை. மழை பெய்யும் என்று கேள்விப்பட்டுப் பாதிப் பேர் வரவில்லை.

மகள் பக்கத்தில் நின்று கேட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். திரும்பப் போட்டாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இறுகுமோ?"

"பாப்பம்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து கார் பார்க்கில் ஒரு வான் வந்து நின்றது. ரொக்ஸ்பரோவில் இருந்து என் தங்கச்சியும் அவளுடைய புருசன், என் மச்சானும். என் மனுசியையும் லாசாலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கடைசிப் போட்டி என்பதால் பார்க்க வந்தவர்கள். வானின் பின்பக்கம் புட்டும் சம்பலும் கோழிக் கறியும். மனுசி அதுவரை ஒரு போட்டியும் வந்து பார்த்ததில்லை. பயம்.

மனுசியும் தங்கச்சியும் ஒரே வானில் வந்தது சின்ன விசயம் இல்லை. மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் யார் முதலில் ஆலாத்தி எடுப்பது என்று தொடங்கிய பிரச்சினை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு வீட்டுக் கொண்டாட்டத்தில் ஒரே வரிசையில் இருந்தது கிடையாது. அந்த வருடத் தைப்பொங்கலுக்குத்தான் தங்கச்சி வாசலில் வந்து நின்று, "மச்சாள், தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டாள். இருந்தது. அதோடு சரி. ஆனாலும் புதுசாக ஒட்டிய கோப்பையைத் தூக்குகிற மாதிரித்தான் இரண்டு பேரும் பழகினார்கள்.

பொறுப்பானவர் வானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்னுடைய ஆட்களா?"

"ஓம்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"கை இருக்கிறதா?"

"ஆளுக்கு ரெண்டு."

"வரச் சொல்."

இரும்புப் பல் மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறும்போது தங்கச்சி சொன்னாள், "அண்ணை, நான் மருமேளைப் பாக்க வந்தனான். மலை ஏற வரேல்லை."

"ஏறேல்லைதானே. லிஃப்ட்தானே ஏறுது" என்றேன்.

மச்சானுக்கு வேறு பிரச்சினை. அவர் ரொக்ஸ்பரோவில் ஒரு அப்பார்ட்மென்ட் கட்டடத்தைப் பராமரிக்கிறவர். பனிக்காலம் முழுக்க வாசல் படியில் உப்புப் போடுவது அவர்தான். அவர் போட்ட படியில் ஒரு கிழவியும் இன்னும் சறுக்கி விழவில்லை என்பது அவருடைய பெருமை.

"மச்சான், உங்கடை ஆளுக்கு விசரோ? உப்புப் போட்டா ஸ்னோ உருகும். நான் எத்தினை வருசமாப் போடுறன்."

"இது இறுகுமாம்."

"எப்பிடி இறுகும்?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. மனுசிதான் சொன்னாள். "அண்ணை, கையாலை சுத்திற ஐஸ்கிறீம் மெஷினுக்குள்ளை ஐஸோடை உப்புப் போடுறவையெல்லோ? ஏன், உருகிக் குடிக்கவோ?"

"அது ஐஸ்கிறீம்" என்றார் மச்சான்.

"இது அதைவிட நல்ல வெள்ளை" என்றாள் மனுசி.

மச்சான் நம்பவில்லை. ஆனால் வாளியைத் தூக்கினார். நான் அவரில் மதிக்கிற குணம் அது. நம்பாவிட்டாலும் தூக்குவார்.

சுவரின் ஓரமாக, வலையோடு ஒட்டி, ஒரு நீளக் கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஒருவருக்குக் கீழ் ஒருவராக நின்றோம். மச்சான் மேலே, மூட்டையைப் பிரித்து வாளியில் போடுவார். அவருக்குக் கீழே தங்கச்சி. அவளுக்குக் கீழே மனுசி. மனுசிக்குக் கீழே நான். ஸ்கீயில் நிற்கிறவர்கள் என்னிடம் வந்து வாளியை வாங்கி, குறுக்காக மெல்லச் சறுக்கிக்கொண்டு வயலுக்குப் பசளை எறிகிற மாதிரி எறிவார்கள். வெறும் வாளிகளைத் திரும்ப லிஃப்டில் ஏற்றி விடுவார்கள். நல்ல ஏற்பாடு.

ஏற்பாட்டில் ஒரு பிழை இருந்தது. சாமான் உப்பு.

உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வீடுகளில் உள்ளது. சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலைக் கேட்டால்கூட, கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்கள். எடுப்பது நாங்கள்தான். மச்சான் தங்கச்சியின் கையில் வாளியைக் கொடுத்தபோது ஒருவரும் யோசிக்கவில்லை. புருசன் பெண்சாதி சண்டை பிடிக்க உப்பு தேவையில்லை. மனுசி எனக்குத் தந்ததும் அப்படித்தான். இடையில்தான் சிக்கல். தங்கச்சி வாளியோடு திரும்பினாள். மனுசி கையை நீட்டவில்லை. தங்கச்சியும் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமலே, தங்கச்சி வாளியைப் பனியில் வைத்தாள். மனுசி குனிந்து எடுத்தாள்.

நான் கண்டேன். பனி குழைந்திருந்ததால் வைத்த வாளி பாதி புதைந்து அசையாமல் நின்றது. வேலை நடந்தது. தாமதம்தான், ஆனால் நடந்தது.

வைப்பதும் எடுப்பதுமாக எத்தனை வாளி போனதோ தெரியாது. ஒவ்வொரு முறை வைக்கும்போதும் வாளியின் விளிம்பால் கொஞ்சம் உப்புச் சிந்தியது. ஒரே இடத்தில் சிந்தியது. அந்த இடம் என்ன ஆகிக்கொண்டிருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

தங்கச்சி அடுத்த வாளியை வைத்துக் கையை எடுத்தாள். வாளி நிற்கவில்லை.

மெல்லத்தான் தொடங்கியது. மனுசி பிடிக்கப் பார்த்தாள். என்னைத் தாண்டும்போது நானும் காலை நீட்டினேன். அதற்குள் அது பாதைக்குள் போய்விட்டது. பிறகு அதைப் பிடிக்க ஒரு பிள்ளையாலும் முடிந்திராது. நிமிர்ந்தபடியே சுவரில் இறங்கியது. நடுச்சுவரில் ஒரு மேட்டில் எகிறி, உப்பைப் பாதைக்குக் குறுக்காக ஒரு நீள வாரில் கொட்டிவிட்டு, வெறும் வாளியாக இன்னும் வேகமாகப் போனது. வளைவில் எல்லோரும் விழுகிற இடத்தில் விழவில்லை. வலையில் தட்டித் திரும்பி, சரியான பக்கத்தால் போய், கண்ணுக்கு மறைந்தது.

பொறுப்பானவர் கீழே இருந்து எங்களிடம் ஏறி வந்துகொண்டிருந்தார். அவருடைய நெஞ்சில் மாட்டியிருந்த ரேடியோ கரகரத்தது. கீழே முடிவுக் கோட்டில் நிற்கும் ஆள்.

"யார் இறங்கியது? பாதை இன்னும் மூடியிருக்கிறது."

பொறுப்பானவர் ரேடியோவை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். "வாளி" என்றார்.

ரேடியோ திரும்பக் கரகரத்தது.

"எந்தக் கழகம்?"

பொறுப்பானவர் என்னைப் பார்த்தார். "லாசால்" என்றார்.

மேலே மச்சான் வாளி நின்ற இடத்துக்கு இறங்கி வந்தார். குனிந்து விரலால் தட்டினார். பிறகு சப்பாத்தால் உதைத்தார். பல் ஏறவில்லை. கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது.

"இறுகித்தான் இருக்கு" என்றார்.

"பின்னை? நான் சொல்லேக்கை ஐஸ்கிறீம் எண்டியள்" என்றாள் மனுசி.

தங்கச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணை, பிள்ளைக்கு ஒண்டும் நடவாதே? என்னாலை போட்டி நிண்டுபோகுமோ?"

பொறுப்பானவர் குறுக்காகக் கிடந்த உப்பு வாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அப்படியே இறுகினால் மெத்தைக்கு நடுவில் தண்டவாளம் வைத்த மாதிரி இருக்கும். அதில் ஸ்கீ ஏறினால் பிள்ளை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. நடுவர்கள் லிஃப்டில் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் இதைக் கண்டால் மேல் வாசல் பூட்டுத்தான்.

"ஏன் கீழே வைத்தார்கள்?" என்று என்னைக் கேட்டார்.

என் பேக்கரிப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? உப்பு, கை, கை, சண்டை என்றேன். தங்கச்சியைக் காட்டி, மனுசியைக் காட்டி, இரண்டு கை முட்டியையும் மோதிக் காட்டினேன். அவர் தாடியில் இருந்த ஐஸைப் பிடுங்கி எறிந்தார். விளங்கவில்லை என்று நினைத்தேன்.

"என் அம்மா மேசையில் பாணைக் கவிழ்த்து வைக்க விடமாட்டாள்" என்றார். "கவிழ்த்தால் வீட்டுக்குக் கூடாது."

சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்து ஏறினார். தங்கச்சிக்கும் மனுசிக்கும் நடுவில் போய் நின்றார். தங்கச்சியிடம் கையை நீட்டினார்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"குடு" என்றேன். "அவரோடை சண்டை வந்தா வரட்டும்."

"அவரோடை சண்டை பிடிக்க எனக்குப் பிரெஞ்சு காணாது" என்றாள். கொடுத்தாள். அவர் வாங்கித் திரும்பி மனுசிக்குக் கொடுத்தார். "மெர்சி" என்று நன்றி சொன்னாள் மனுசி. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அது.

அதற்குப் பிறகு வாளிகள் ஓடின. உண்மையில் முந்தி எவ்வளவு மெதுவாகச் செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் அங்கே நின்றபடியே ரேடியோவில் கத்தி, போட்டிக்கு வந்த பிள்ளைகளையும் மேலே கூப்பிட்டார். அவர்கள் ஸ்கீயைக் குறுக்காக வைத்துச் சுவரில் மெல்ல மெல்லச் சறுக்கி, கொட்டிய உப்பைப் பரத்தினார்கள். நானும் ஷவலால் அந்த வாரை வெட்டி இரண்டு பக்கமும் இழுத்தேன். மகளும் வந்தாள்.

"அப்பா, இந்தக் கோடு என்ன?"

"மாமியின்ரை வாளி."

அவள் மேலே பார்த்தாள். "மாமி, எனக்கு முதலே நீங்கள் இறங்கீட்டியளாம்."

"பேசாமப் போடி" என்றாள் தங்கச்சி. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கும்.

நடுவர்கள் வந்தபோது கோடு இல்லை. ஆனால் அதன் தடம் இருந்தது. தலைமை நடுவர் ஒரு பெண். நரை முடி, மெல்லிய ஆள். முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியாது. ஸ்கீத் தடியால் ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்துக்கொண்டு இறங்கினார். வாளி வைத்த இடத்தில் குத்தினார். தடி ஏறவில்லை. இரண்டாம் முறையும் குத்தினார். பிறகு தங்கச்சியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தங்கச்சியும் ஆட்டினாள். நடுச்சுவரில் குத்தினார். கொஞ்சம் ஏறியது. தடத்தில் கனநேரம் நின்றார். பொறுப்பானவர் என்னவோ சொன்னார். நடுவர் வானத்தைப் பார்த்தார். வெயில் இல்லை. காற்றும் திரும்பக் குளிராக வரத் தொடங்கியிருந்தது.

பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். பொறுத்தோம். மச்சான் புட்டை எடுத்துக்கொண்டு வரட்டோ என்று கேட்டார். ஒருவருக்கும் பசிக்கவில்லை.

நடுவர் திரும்ப ஏறி வந்தார். திரும்பக் குத்தினார். இந்த முறை நடுச்சுவரிலும் தடி நின்றது. பொறுப்பானவரைப் பார்த்து ஒரு விரலை மேலே காட்டினார்.

"மேலிருந்து" என்று பொறுப்பானவர் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே, "ஷவலை எடு. ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் பள்ளம் விழும்" என்றார்.

மகள் அப்போது எங்களுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. மேல் வாசலுக்குப் போய்விட்டாள். அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. மேலே பிள்ளைகள் சேர்ந்து கத்தியது கேட்டது.

பாதையைத் திறந்துவிட்டால் இடையில் ஒருவரும் கடக்கக் கூடாது. அதனால் எங்கள் ஆட்களும் சுவரிலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். மச்சானும் தங்கச்சியும் மேலே. நானும் மனுசியும் நடுச்சுவரில், வலைக்கு வெளியே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு. பார்க்கமாட்டேன் என்று இத்தனை வருடம் வீட்டில் நின்றவளுக்கு, கிடைத்த இடம் எல்லாவற்றையும் விடக் கிட்டவான இடம்.

"இஞ்சாருங்கோ, இதிலையே வருவினம்?"

"இதாலைதான்."

"எவ்வளவு கிட்ட?"

முதல் பிள்ளை அதற்குப் பதில் சொன்னாள். சீலையை ஒரே இழுவையில் கிழிக்கிற சத்தம். ஒரு சிவப்பு. அவ்வளவுதான். முகத்தில் பனித்தூள் அடித்தது. மனுசி கயிற்றை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள்.

ஒவ்வொருவருக்கும் இடையில் நாங்கள் ஷவலோடு பாய்ந்து தடத்தை மூடி, மிதித்து, திரும்ப வலைக்கு வெளியே வந்தோம். ஒரு பிள்ளை வளைவில் விழுந்து வலைக்குள் போனாள். எல்லாம் நின்றது. பொறுப்பானவர் ஓடினார். அந்தப் பிள்ளை வலைக்குள் இருந்தபடியே கையை ஆட்டினாள். ஒரு ஸ்கீ எங்கள் பக்கம் தனியாக வந்து கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூக்கில் கொஞ்சம் இரத்தம். சிரித்தாள். அவளை இறக்கி, வலையைத் திரும்பக் கட்டினோம்.

"எங்கடை பிள்ளையின்ரை நம்பர் எப்ப?" என்று மனுசி கேட்டாள்.

"அடுத்தது."

அவள் உதடு மட்டும் அசைந்தது. சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

மேலே கொட்டிலில் மணி அடித்தது. நான் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிள்ளையை அல்ல. தடம் சரியாக இருந்தால்தான் பிள்ளை தப்பும், எனக்கு அதுதான் வேலை. மகளின் நீல உடுப்பு வந்தது. உப்புக் கொட்டிய இடத்தில் ஸ்கீ கொஞ்சம் நடுங்கியது. கண்டேன். முழங்கால் அதை வாங்கிக்கொண்டது. பிறகு வளைவு. பிறகு முதுகு. பிறகு ஒன்றும் இல்லை.

சுவரில் நிற்கிறவனுக்குப் போட்டி அவ்வளவுதான். மிச்சம் ரேடியோவில்.

பொறுப்பானவர் கொஞ்சம் கீழே நின்றார். ரேடியோவைக் காதில் வைத்திருந்தார். கனநேரமாக வைத்திருந்தார். எனக்கு அப்படி இருந்தது. அவருடைய முகம் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, வேலை நேரத்தில் செய்கிற மாதிரி கையால் தரையை ஒருமுறை அமத்திக் காட்டினார். வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம்.

மேலே திரும்பிச் சொன்னேன். "வந்திட்டாள்."

"எத்தினையாவது?" என்று மச்சான் கத்தினார்.

பொறுப்பானவரைக் கேட்டேன். அவர் கையைப் பாதிக்குக் கீழே வைத்துக் காட்டினார்.

"பாதிக்குக் கீழை" என்று கத்தினேன்.

"காணும்" என்றாள் தங்கச்சி. அழுகிறாளோ சிரிக்கிறாளோ தூரத்தில் தெரியவில்லை.

மனுசி இன்னும் என் கையை விடவில்லை. கண்ணைத் திறந்து பாதையைப் பார்த்தாள்.

"போயிட்டாளோ?"

"போயிட்டாள். கீழையும் போயிட்டாள்."

"நான் கண்ணை மூடிப்போட்டன்" என்றாள். "திரும்ப ஒருக்கா விடுவினமோ?"

"விடமாட்டினம். இது ஒருதரம்தான்."

மேலே கொட்டிலில் அடுத்த மணி அடித்தது. நான் ஷவலை எடுத்துக்கொண்டு ஒதுங்கினேன்.

"இது ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"ஆரின்ரை பிள்ளையோ" என்றாள். வலையில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை வெட்டாமல், அந்தப் பிள்ளை வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.